கோபம் எங்கே இருக்கிறது: பூனையிலிருந்து மதராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி வரை

கேள்வி இதுதான்: "என் தாத்தாவுக்கு முன்கோபம், அப்பாவுக்கு அதைவிட அதிகம், எனக்கும் சுள்ளென்று வருகிறது. வீட்டில் எல்லாரும் 'அது அவங்க ரத்தத்துலயே ஊறினது' என்கிறார்கள். உண்மையில் இது ஜீனா, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனா, மூளையில் ஏதாவது பகுதியா? மூளைதான் காரணம் என்றால் மாத்திரையோ ஆபரேஷனோ இருக்கிறதா? அப்பாவுக்கு அறுபது தாண்டிய பிறகு இது இன்னும் மோசமாகியிருக்கிறது."

சுருக்கமான பதில் போதும் என்றால்: நீங்கள் சொன்ன மூன்றுக்கும் பங்கு உண்டு, ஆனால் எதுவும் தனியாக நின்று கோபத்தை உண்டாக்குவதில்லை. தாக்குவதற்கு வேண்டிய நரம்பு அமைப்பு சாதுவான மனிதர் உட்பட எல்லார் மூளையிலும் தயாராகவே இருக்கிறது. எவ்வளவு சீண்டினால் அது கிளம்பும், கிளம்பியதை எது அடக்கும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஆபரேஷனைப் பற்றிக் கேட்டீர்கள் பாருங்கள், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். கோபத்துக்கு மூளையில் ஆபரேஷன் செய்து பார்த்த ஊர்களில் நம் சென்னையும் ஒன்று, அதுவும் கொஞ்சநஞ்சமாக அல்ல. அந்தக் கதைக்குப் போவதற்கு முன்னால் பூனையைப் பார்த்துவிடுவோம்.

நாயைக் கண்ட பூனை என்ன செய்யும் என்று பார்த்திருப்பீர்கள். முதுகை வில்லாக வளைக்கும், வால் இரண்டு மடங்கு பருத்து நிற்கும், காது பின்னால் படியும், கண்மணி விரியும், சீறும், நாய் கிட்டே வந்தால் நகத்தை நீட்டி மூக்கிலேயே ஒன்று வைக்கும். அதே பூனை எலியைக் கண்டால் சத்தமே இருக்காது. வயிறு தரையில் உரச அடிமேல் அடி வைத்துப் போகும், கடைசி இரண்டடியில் பாயும், பிடரியில் ஒரே கடி. மயிர் சிலிர்ப்பதும் கிடையாது, சீறலும் கிடையாது. பார்க்கிற நமக்கு இரண்டும் தாக்குதல்தான். மூளைக்கு அவை இரண்டும் இரண்டு தனி வேலைகள், ஒன்று தற்காப்புச் சீற்றம், இன்னொன்று சாப்பாட்டு வேலை.

இது எப்படித் தெரியவந்தது என்பது கொஞ்சம் குரூரமான வரலாறு. 1920களில் ஹார்வர்டில் வால்டர் கேனனும் அவரிடம் ஆய்வு செய்த ஃபிலிப் பார்டும் பூனைகளின் பெருமூளைப் புறணியை அகற்றிப் பார்த்தார்கள். சிந்திக்கிற பகுதி போய்விட்டால் கோபமும் போய்விடும் என்றுதானே தோன்றும்? நடந்தது நேர் எதிர். வாலை லேசாகத் தொட்டால்கூட அந்தப் பூனைகள் வெறிபிடித்தது போல் சீறின, யார் தொட்டது, எந்தப் பக்கம் தொட்டது என்ற குறியே இல்லாமல். குறியில்லாத அந்த ஆத்திரத்துக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் போலிச் சினம். பார்ட் அதோடு நிற்காமல் மூளையை இன்னும் கீழே கீழே துண்டித்துப் பார்த்து, 1928-ல் முடிவை வெளியிட்டார். ஹைப்போதாலமஸின் பின்பகுதி மிச்சமிருக்கும் வரை முழுச் சீற்றமும் வருகிறது. அதற்குக் கீழே வெட்டினால் ஒரு சீறல், ஒரு நகநீட்டல் என்று துண்டு துண்டாகத்தான் வருகிறது. கோபத்தைக் கோர்வையாக உடம்பில் ஓட்டுவது நடுவில், மூளையின் அடிப்பக்கம் இருக்கும் இந்தச் சின்னப் பகுதி. புறணி செய்வது பெரும்பாலும் அதை அடக்கி வைப்பதும், யார் மேல் காட்டுவது என்று குறிவைப்பதும்.

சூரிச்சில் வால்டர் ஹெஸ் இதையே மறுபக்கமிருந்து காட்டினார். விழித்திருக்கும் பூனைகளின் ஹைப்போதாலமஸில் மெல்லிய கம்பி வழியாக மின்சாரம் பாய்ச்சினால் சாதுவான பூனை சீறிப் பாயும், நிறுத்தினால் அடங்கும். அதற்காக அவருக்கு 1949-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசின் மறுபாதி யாருக்குப் போனது தெரியுமா? மனநோயாளிகளின் முன்மூளை இணைப்புகளை வெட்டிவிடும் அறுவைசிகிச்சையைத் தொடங்கிய போர்ச்சுகல்காரர் எகாஸ் மோனிஸுக்கு. அடக்கி வைக்கிற பகுதி முன்மூளைதான் என்று தெரிந்துகொண்டிருந்த காலத்தில் அதை வெட்டியவருக்கும் அதே ஆண்டு, அதே மேடை. என்னால் இதை எரிச்சல் இல்லாமல் சொல்ல முடிந்ததே இல்லை.

பூனையின் இரண்டு தாக்குதல்களையும் பிரித்துக் காட்டியவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஃப்ளின். 1962-ல் அவரும் வாஸ்மனும் வெளியிட்ட ஆய்வில், ஹைப்போதாலமஸின் நடுப்பக்கத்தைத் தூண்டினால் மயிர் சிலிர்த்துச் சீறும் தாக்குதல்; கொஞ்சம் ஓரமாகத் தூண்டினால் அமைதியாகப் போய் எலியைக் கடிக்கும் தாக்குதல், அதுவும் அதுவரை எலியைச் சீண்டாமல் கூடவே இருந்த பூனை. சில மில்லிமீட்டர் தள்ளினால் வேறு நடத்தை.

இது உங்களுக்கு எதற்கு என்றால், மனிதரிலும் இந்த இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்காமல் பேசினால் எல்லாமே குழம்பிவிடும். டூவீலரில் உரசிவிட்டுப் போனவனைத் துரத்திப் போய் அறைவது ஒரு வகை. நிலத்தகராறுக்கு ஆறு மாதம் காத்திருந்து ஆள் வைத்து வெட்டுவது வேறு வகை. அந்த ஆளின் நாடித்துடிப்பு அந்த நேரத்தில் உங்களுடையதைவிட நிதானமாக இருந்தால்கூட ஆச்சரியமில்லை. உங்கள் தாத்தா, அப்பா, நீங்கள் மூவரும் முதல் வகை. இனி எழுதுவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

2011-ல் கலிஃபோர்னியாவில், கால்டெக் பல்கலைக்கழகத்தில், டேவிட் ஆண்டர்சனின் ஆய்வகத்திலிருந்து டாயூ லின் முதன்மையாக எழுதிய ஒரு கட்டுரை வந்தது. ஹெஸ் கம்பியால் செய்ததை இவர்கள் ஒளியால் செய்தார்கள்: சுண்டெலியின் ஹைப்போதாலமஸில் ஒரு குட்டி மூலையில் இருக்கும் நரம்பணுக்களை ஒளிக்கு எதிர்வினை தரும்படி மாற்றி, மெல்லிய ஒளியிழை வழியாக நீல ஒளியை அனுப்பினார்கள். ஒளி பட்டதும் ஆண் எலி தாக்கியது. வழக்கமாக ஆண் எலி பெண்ணைத் தாக்காது, இது தாக்கியது. காயடிக்கப்பட்ட ஆணையும் தாக்கியது. கூண்டுக்குள் ஒரு ஊதிய ரப்பர் கையுறையைப் போட்டால் அதையும் பாய்ந்து கடித்தது. ஒளியை அணைத்ததும் ஒன்றுமே நடக்காதது போல் திரும்பிக்கொண்டது.

இதோடு நிறுத்திவிட்டு 'கோபத்தின் சுவிட்ச் கண்டுபிடிப்பு' என்று தலைப்புப் போட்டுவிட்டார்கள் செய்தியாளர்கள். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது அடுத்த பாதி. அந்த மூலையிலேயே இணைசேரும்போது வேலைசெய்யும் நரம்பணுக்களும் கலந்திருக்கின்றன. எலி இணைசேர ஆரம்பித்துவிட்டால் தாக்குதல் அணுக்கள் அடக்கப்படுகின்றன, அப்போது ஒளியடித்தும் அதைச் சண்டைக்கு இழுப்பது கடினம். 2014-ல் அதே குழு இன்னும் நுணுக்கிப் பார்த்தபோது, ஒரே வகை அணுக்களை மங்கலான ஒளியால் தூண்டினால் எலி மேலே ஏறப் பார்க்கிறது, ஒளியைக் கூட்டினால் கடிக்கிறது. சரி, அப்புறம் இன்னொன்று. சண்டைபோட்டுப் பழகிய ஆண் எலிக்கு, ஒரு துளையில் மூக்கை நுழைத்தால் தன்னைவிட எளிய எதிரி ஒன்று உள்ளே வரும் என்று பழக்கிவிட்டால், அது திரும்பத் திரும்பப் போய் மூக்கை நுழைக்கிறது. கோபப்படுவதில் சுகம் உண்டு என்று யாராவது சொன்னால் நாம் முகம் சுளிக்கிறோம், எலி சுளிப்பதில்லை.

இங்கே பக்கவாட்டு மூளைக்குள் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா என்ற சின்னப் பகுதியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் பாதி யூடியூப் காணொளிகள் 'அமிக்டலாதான் உங்கள் கோபத்துக்குக் காரணம்' என்கின்றன. இந்த எண்ணம் 1937-ல் சிகாகோவில் ஹைன்ரிஷ் க்ளூவரும் பால் பூசியும் ரீசஸ் குரங்குகளின் பக்கவாட்டு மூளையை அகற்றியதிலிருந்து வலுப்பெற்றது. கிட்டே நெருங்க முடியாத குரங்குகள் பசு போல் சாதுவாகிவிட்டன, பாம்பைக்கூட கையில் எடுத்துப் பார்த்தன, கிடைத்ததை எல்லாம் வாயில் போட்டன. அதற்குக் காரணம் பெரும்பாலும் அமிக்டலாவின் இழப்பு என்று பிறகு தெரிந்தது. ஆனால் மனிதரில் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. மருத்துவ இதழ்களில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் ஒரு அமெரிக்கப் பெண்ணுக்கு அரிய பரம்பரை நோய் ஒன்றால் இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துவிட்டன. 2011-ல் வந்த ஆய்வில், பாம்பு விற்கும் கடையில் ஆசையாகப் பாம்பைத் தடவிப் பார்த்தார், பேய்வீட்டில் மற்றவர்கள் அலற இவர் சிரித்துக்கொண்டே முன்னால் போனார். பயமே இல்லாதவர் என்று எல்லாரும் எழுதினார்கள். 2013-ல் அவருக்கு முகமூடி வழியாக 35 சதவீத கார்பன் டை ஆக்சைடு கலந்த காற்றை ஒரு மூச்சு கொடுத்தார்கள், வெலவெலத்துப் போய் முகமூடியைக் கழற்றச் சொல்லிக் கையை ஆட்டினார். வெளியே இருந்து வரும் ஆபத்தை மதிப்பிட்டுச் சொல்வதுதான் அமிக்டலாவின் வேலை, மூச்சுத்திணறல் மாதிரி உள்ளிருந்து எழுகிற பீதிக்கு அது தேவைப்படவில்லை. கோபத்துக்கும் அப்படித்தான்: அமிக்டலா எச்சரிக்கை கொடுக்கிறது, ஹைப்போதாலமஸும் அதற்குக் கீழே நடுமூளையும் ஓட்டுகின்றன, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை பிரேக் போடுகிறது.

சரி, சென்னைக்கு வருவோம்.

1963-ல் டோக்கியோவின் நராபயாஷி, அடங்காத ஆவேசம் கொண்ட 60 நோயாளிகளின் அமிக்டலாவில் ஒரு சின்னப் பகுதியை ஊசி வைத்து அழித்த அனுபவத்தை வெளியிட்டார். டோக்கியோவிலேயே சானோ என்பவர் அமிக்டலாவை விட்டுவிட்டு ஹைப்போதாலமஸின் பின்பகுதியை, அதாவது பார்ட் பூனையில் அடையாளம் காட்டிய அதே சுற்றுவட்டாரத்தை, அழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டையும் கையிலெடுத்தது சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் நம் மதராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரி. அங்கே 1950-ல் நரம்பு அறுவைசிகிச்சைத் துறையைத் தொடங்கியவர் சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி. அவரோடு வி. பாலசுப்பிரமணியம், ஆசியாவின் முதல் பெண் நரம்பு அறுவைசிகிச்சை நிபுணர் என்று பெயர்பெற்ற டி.எஸ். கனகா. மண்டை ஓட்டில் ஒரு உலோகச் சட்டத்தைப் பொருத்தி, எக்ஸ்ரே படத்தில் அளவெடுத்து, ஒரு சின்னத் துளை வழியாக ஊசியை இறக்கும் முறையில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். ஸ்கேன் எல்லாம் வருவதற்கு முந்தைய காலம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளிகள் உங்கள் அப்பாவைப் போன்ற முன்கோபக்காரர்கள் அல்ல. வலிப்புநோய், மூளைக்காய்ச்சலுக்குப் பிந்தைய சேதம், மனவளர்ச்சிக் குறைபாடு இவற்றோடு, தன்னையும் பிறரையும் தாக்குகிற, மருந்துக்கு அடங்காத ஆட்கள், அவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். இந்தச் சிகிச்சைக்கு அந்த மருத்துவர்களே வைத்த பெயர், அமைதிப்படுத்தும் நரம்பு அறுவைசிகிச்சை. 1988-ல் ராமமூர்த்தி மொத்தக் கணக்கைக் கொடுத்தார்: 28 ஆண்டுகளில் 603 ஆபரேஷன்கள். அதில் 481 அமிக்டலாவில், அது போதாதவர்களுக்கு ஹைப்போதாலமஸில் 122. ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு நல்ல முன்னேற்றமோ ஓரளவு முன்னேற்றமோ கிடைத்தது, பல ஆண்டுகள் கழித்தும் அது பெரும்பாலும் நிலைத்தது என்று எழுதினார். இந்த வகை அறுவைசிகிச்சையில் உலக அளவிலேயே பெரிய தொகுப்புகளில் ஒன்று இது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? இரண்டு பக்கமும் பேசலாம். அந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கு வேறு வழி என்ன இருந்தது? ஒன்றிரண்டு மருந்து, இல்லையென்றால் பூட்டிய அறை. மருத்துவர்கள் மாயவித்தை காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை, கணக்கு வைத்து வெளியிட்டார்கள். ஆனால் அந்தக் கணக்கை இன்றைய கண்ணோடு படித்தால் முன்னேற்றம் என்பதன் அளவுகோல்தான் இடறுகிறது. பிள்ளை அமைதியாகிவிட்டானா, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிகிறதா, இதுதான் அளவுகோல். அவன் எதை இழந்தான் என்று அளக்கவில்லை. ஆபரேஷன் செய்யாமல் விட்ட ஒரு குழுவோடு ஒப்பிடவும் இல்லை. வயது ஏற ஏறத் தானாகவே தணிகிற ஆவேசமும் உண்டு, அதைக் கழித்தாக வேண்டும். என் கருத்தைக் கேட்டால், கைத்திறன் பிரமாதம், மனசு நல்ல மனசு, ஆதாரம் பலவீனம்.

அமெரிக்காவில் இதே விஷயம் அரசியலாகி வெடித்தது. 1967-ல் டெட்ராய்ட் கலவரம் நடந்த கையோடு, பாஸ்டனைச் சேர்ந்த மூன்று மருத்துவர்கள் ஒரு முன்னணி மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்கள்: ஒரே சேரியில் இருந்தும் சிலர் மட்டும் கல்லெறிகிறார்களே, அவர்கள் மூளையில் கோளாறு இருக்கிறதா என்று ஆராய வேண்டாமா என்று. கறுப்பின மக்களின் கோபத்தை மூளைக்கோளாறு ஆக்குகிறார்கள் என்று எழுந்த கொந்தளிப்பில், 1970களுக்குள் இந்த ஆபரேஷன்கள் அங்கே ஏறக்குறைய நின்றே போயின. இங்கே அப்படிப் பெரிய விவாதம் எதுவும் மூளவில்லை. இப்போது இந்தியாவில் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-ன்படி, மனநோய்க்கு மூளை அறுவைசிகிச்சை செய்ய நோயாளியின் ஒப்புதலும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் கட்டாயம். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: சாதாரண முன்கோபத்துக்கு ஆபரேஷன் கிடையாது, யாராவது செய்து தருகிறேன் என்றால் ஓடி வந்துவிடுங்கள்.

(1963-ல் ஸ்பெயினின் கோர்டோபாவில் ஹோசே டெல்காடோ என்பவர், பாய்ந்து வந்த காளையை ரேடியோ பொத்தானை அழுத்தி நிறுத்தியதைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். மூளைக்குள் கம்பி வைத்திருந்தார், காளை நின்றது, அதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கம்பி இருந்தது உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில். காளையின் கோபம் அடங்கியதா, இல்லை உடம்பு வலுக்கட்டாயமாகத் திரும்பியதா என்பதில் அப்போதே சந்தேகம் கிளம்பியது. வாடிவாசலில் நின்று பார்த்த யாருக்கும் தெரியும், திரும்பிவிட்ட காளை அடங்கிவிட்ட காளை ஆகாது.)

அடுத்தது டெஸ்டோஸ்டிரோன். இதற்கு யானையைவிட நல்ல உதாரணம் கிடையாது. வளர்ந்த ஆண் யானைக்கு மதம் பிடிக்கும்போது கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் மதநீர் வழியும், சிறுநீர் சொட்டிக்கொண்டே இருக்கும், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் வழக்கத்தைவிடப் பல மடங்கு ஏறும், தினமும் சோறு ஊட்டிய பாகனைக்கூட நெருங்க விடாது. ஹார்மோன் ஏறினால் ஆவேசம் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டுமா என்று தோன்றும். ஆனால் பாகன்களுக்கு இன்னொன்றும் தெரியும்: உடம்பு தேறிய யானைக்குத்தான் மதம் ஒழுங்காக வரும், மெலிந்த யானைக்கு வராது அல்லது சீக்கிரம் இறங்கிவிடும். அதனால்தான் மதகாலத்தில் தீனியைக் குறைக்கும் வழக்கம்.

தென்னாப்பிரிக்காவின் பிலானெஸ்பெர்க் பூங்காவில் நடந்தது இன்னும் தெளிவானது. க்ரூகர் பூங்காவில் யானைகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சுட்டுக் கொன்றபோது மிஞ்சிய குட்டிகளை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். பெரிய ஆண் யானை ஒன்றுகூட இல்லாமல் அவை வளர்ந்தன. 1992-க்கும் 1997-க்கும் இடையில் இந்த இளம் ஆண்கள் 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. பார்த்தால், இருபத்தைந்து வயதையொட்டி வர வேண்டிய மதம் இவற்றுக்குப் பதினெட்டிலேயே வந்திருந்தது, வந்தது மாதக்கணக்கில் நீடித்தது. 1998-ல் க்ரூகரிலிருந்து ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். பெரியவர் எதிரே வந்து நின்றதும் இளவட்டங்களின் மதநீர் வற்றியது, மதகாலம் சுருங்கியது, காண்டாமிருகக் கொலைகளும் நின்றன. ஊசியில்லை, மருந்தில்லை. ஹார்மோன் நடத்தையை மாற்றுகிறது என்பது பாதிதான். எதிரே நிற்பவர் யார் என்பது ஹார்மோனையே மாற்றுகிறது.

மனிதரிலும் இந்த இரண்டாவது திசைக்குச் சான்று நிறைய. கைக்குழந்தையைத் தூக்கி வளர்க்கும் அப்பாக்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது என்று பிலிப்பைன்ஸில் செபூ நகரத்து ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011-ல் காட்டினார்கள். 2010-ல் வந்த சூரிச் ஆய்வு ஒன்று எனக்குப் பிடித்தமானது: பணத்தைப் பங்குபோடும் விளையாட்டில் பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது அவர்கள் எதிராளிக்கு நியாயமான பங்கைக் கொடுத்தார்கள். யார் மோசமாக நடந்துகொண்டார்கள் என்றால், எது கொடுக்கப்பட்டிருந்தாலும் சரி, தனக்குக் கொடுத்தது டெஸ்டோஸ்டிரோன்தான் என்று நம்பியவர்கள். 'ஆம்பளைன்னா கோபம் வரத்தான் செய்யும்' என்ற பேச்சு எவ்வளவு தூரம் வேலை செய்கிறது பாருங்கள்.

ஜீன் பகுதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1993-ல் நெதர்லாந்தில் ஹான் ப்ரூனர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார், அதில் பல ஆண்கள் சின்ன விஷயத்துக்கும் வெடித்து வன்முறையில் இறங்கினார்கள். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் எம்.ஏ.ஓ.ஏ. என்ற ஜீன் அவர்களிடம் முழுக்கச் செயலிழந்திருந்தது. செரோடோனின், நார்அட்ரீனலின் போன்ற மூளை வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதியை உண்டாக்குகிற ஜீன் அது. இப்படி முழுக்கச் செயலிழப்பது மிக மிக அபூர்வம். அதே ஜீனின் சோம்பலான வடிவம் மட்டும் நிறையப் பேரிடம் இருக்கிறது, அதற்குப் பத்திரிகைகள் 'போர்வீரன் ஜீன்' என்று பட்டம் கட்டிவிட்டன. 2002-ல் நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்ததிலிருந்து பின்தொடரப்பட்ட ஆண்களை வைத்துப் பார்த்தபோது, அந்த வடிவம் தனியாக ஒன்றும் செய்யவில்லை. சிறுவயதில் அடியும் கொடுமையும் அனுபவித்தவர்களிடம்தான் அது வன்முறையோடு சேர்ந்து தெரிந்தது. இரட்டையர் ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தால் ஆட்களுக்கு இடையிலான ஆவேச வேறுபாட்டில் ஏறக்குறைய பாதிக்கு மரபணு காரணம் என்று வரும், அதுவும் நூற்றுக்கணக்கான ஜீன்களின் துளித்துளிப் பங்கு. அதை 'என் கோபத்தில் பாதி தாத்தாவுடையது' என்று படிக்கக் கூடாது, அது மக்கள்தொகையைப் பற்றிய கணக்கு.

அப்புறம், ரத்தத்தில் வருவதாக நாம் நினைப்பதில் நிறைய, கூடத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. ரசத்தில் உப்பு குறைந்ததற்குத் தாத்தா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார் என்று வையுங்கள். அடுத்த நொடி வீடே கப்சிப், பாட்டி வேறு தட்டில் ஓடி வந்து பரிமாறுகிறார். மூலையில் உட்கார்ந்திருந்த பையன் என்ன கற்றுக்கொள்வான்? கத்தினால் காரியம் நடக்கும் என்று. துளையில் மூக்கை நுழைத்த அந்த எலிக்குக் கிடைத்த அதே பரிசு இவனுக்கும். கோபக்காரர் பலர் மேலதிகாரியிடம் கத்துவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? பிலானெஸ்பெர்க் இளவட்டங்களும் பெரியவர் முன்னால் கத்தவில்லை. ஆக பிரேக் இருக்கிறது, வேலையும் செய்கிறது, வீட்டில் போடவில்லை.

உங்கள் கோபத்துக்கு என்ன செய்யலாம்? 'உள்ளே வைக்காதே, கொட்டித் தீர்த்துவிடு' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2002-ல் ப்ராட் புஷ்மன் செய்த சோதனையில், தன்னைச் சீண்டியவனை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். 2024-ல் 154 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததிலும் அதேதான்: உடம்பின் பரபரப்பைத் தணிக்கும் மூச்சுப்பயிற்சி, தியானம், தசைகளைத் தளர்த்துவது போன்றவை கோபத்தைக் குறைக்கின்றன, பரபரப்பைக் கூட்டுபவை பொதுவாகக் குறைப்பதில்லை. இதற்கு உடலியல் காரணம் எளிது. அட்ரீனலினால் ஏறிய படபடப்பு இறங்க நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் வருகிற அடுத்த சின்னச் சீண்டல் பழைய பாக்கியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். 1972-ல் டால்ஃப் ஸில்மன், சைக்கிள் மிதித்து மூச்சு வாங்க வந்தவர்கள் தங்களைச் சீண்டியவனுக்கு அதிகத் தண்டனை கொடுப்பதைக் காட்டினார். மாலை ஏழு மணிக்கு நெரிசலில் வண்டி ஓட்டி வந்து படியேறியதும் பிள்ளையின் ரேங்க் கார்டைக் கையில் வாங்காதீர்கள், குளித்துவிட்டு வந்து வாங்குங்கள். தூக்கமும் அப்படித்தான். ஒரு இரவு முழுக்கத் தூங்காதவர்களின் அமிக்டலா மோசமான படங்களைப் பார்த்து 60 சதவீதம் கூடுதலாகத் துள்ளியது, அதை அடக்கும் முன்மூளையோடு அதன் தொடர்பும் தளர்ந்திருந்தது. 2007-ல் வந்த ஆய்வு இது. குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அது நேராகப் பிரேக்கைத்தான் கழற்றுகிறது. மாத்திரையைப் பொறுத்தவரை, வாரத்துக்குப் பல தடவை சாமான் உடைவது, அடிதடி என்று போகிறவர்களுக்கு ஃப்ளூவாக்ஸெடின் மாதிரி செரோடோனின் மாத்திரைகள் ஓரளவு உதவுகின்றன, மனநல மருத்துவர் பார்த்துத் தர வேண்டியது. அதற்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது.

அப்பா விஷயம் வேறு, அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். வயதாக ஆகப் பெரும்பாலானவர்களுக்குக் கோபம் தணியத்தான் செய்கிறது. அறுபதுக்கு மேல் ஏறினால் அதை 'பரம்பரைக் குணம்' என்று தள்ளிவிடாதீர்கள். முன்மூளை சுருங்கும் வகை மறதிநோயில் ஞாபகம் நன்றாக இருக்கும்போதே குணம் முதலில் மாறும்: கூச்சம் போய்விடும், அடுத்தவர் வருத்தம் உறைக்காது, இனிப்பை அள்ளி அள்ளிச் சாப்பிடுவார், சொன்னதையே சொல்வார், செய்ததையே திரும்பச் செய்வார். வெளியே தெரியாத சின்னச் சின்னப் பக்கவாதங்களும் அடக்கும் நரம்புப் பாதைகளை அரிக்கும். வயதான ஆண்கள் பலர் மனச்சோர்வு வந்தால் அழுவதற்குப் பதில் எரிந்து விழுவார்கள். தைராய்டு கூடுதல், காது கேளாமை, தீராத மூட்டுவலி, இரவில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருவது, இவையும் பட்டியலில் உண்டு. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் கோபம் எந்த நேரத்தில் வருகிறது என்று குறித்து வையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வியர்வையோடும் நடுக்கத்தோடும் வந்தால் அந்த நிமிடமே சுகரைப் பாருங்கள், தாழ்ந்திருக்கலாம். வலிப்புக்குக் கொடுக்கும் லெவிடிராசிடாம், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளே சிலரைச் சிடுசிடுப்பாக்கும்.

முதலில் ஒரு பொதுநல மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை, பிறகு அவர் சொன்னால் நரம்பியல் மருத்துவர் அல்லது மனநல மருத்துவர். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அம்மாவையும் கூட்டிப் போங்கள், அப்பா எப்போதிலிருந்து மாறினார், எதில் மாறினார் என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார், ஆனால் அப்பா இல்லாத நேரத்தில் தனியாகப் பேச மருத்துவரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்.